சத்தம் போடாத பிழைகள்: மேசைக்கணினிச் செயலி உருவாக்கத்தை வகுப்பறையில் கற்பித்தல்

2019-20 கல்வியாண்டு முதல் மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் மொழி இடம்பெற்றுவருகிறது. செயற்கூறுகள், சரங்கள், பட்டியல்கள், இனக்குழுக்கள் ஆகியவற்றைக் கற்பித்த பிறகு பாடநூல் சிஎஸ்வி கோப்புகளுக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கும் வருகிறது. இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்தால் ஒரு முழுமையான மேசைக்கணினிச் செயலியை மாணவர்களே உருவாக்கிவிடலாம். குறைவது ஒரு சாளரம் மட்டுமே. அதையும் பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகிண்டர் தொகுதி தந்துவிடுகிறது.

நம் திருவள்ளூர் மாவட்ட மாணவர்களுக்கு இது தேவையான பயிற்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் மேசைக்கணினிச் செயலி இல்லாத இடம் அரிது. பழைய இரும்பு ஏற்றிவரும் லாரியை நிறுத்தி எடைச்சீட்டு தரும் எடைமேடை, கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்கு, வாயிலில் தொழிலாளர் வருகைப்பதிவு, கடையில் பில் போடும் கணினி என எல்லாமே ஒரு சாளரமும் சில பெட்டிகளும் ஒரு பொத்தானும்தான். பெற்றோர் பலர் அந்தத் திரையில் வரும் எண்ணை நம்பித்தான் கூலி வாங்குகிறார்கள். பிள்ளைகளில் சிலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே திரையின் முன் வேலைக்கு அமர்கிறார்கள்.

செயலி உருவாக்கத்தில் வரும் பிழைகளை நான் வகுப்பில் இரண்டாகப் பிரிக்கிறேன். ஒன்று, சத்தம் போடும் பிழை. நிரல் நின்றுவிடும், சிவப்பு எழுத்தில் செய்தி வரும், மாணவர் கையைத் தூக்கி நம்மை அழைப்பார். இன்னொன்று, சத்தம் போடாத பிழை. நிரல் ஓடும், "சேமிக்கப்பட்டது" என்றும் சொல்லும், விடை மட்டும் தவறாக இருக்கும். முதல் வகை மாணவரின் நேரத்தைத்தான் வீணாக்கும். இரண்டாம் வகை, கணினியைப் பார்த்தே இராத ஒருவரின் மதிப்பெண்ணையோ உதவித்தொகையையோ பெயரையோ பறித்துவிடும். ஆகவே முதல் வகையைத் தாமே தீர்த்துக்கொள்ளவும், இரண்டாம் வகையைத் தேடிப் பிடிக்கவும் மாணவரைப் பழக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

செயல்திட்டமாக வகுப்புக்கான ஒரு மாணவர் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். சேர்க்கை எண், பெயர், இரு தேர்வு மதிப்பெண்கள், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை உள்ளிட்டுச் சேமிக்கும் ஒரு சாளரம் போதும். இதில் நிரப்பும் விவரங்கள் கற்பனையானவையாக இருக்கட்டும். உண்மையான மாணவரின் கணக்கு எண்ணைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சத்தம் போடும் பிழைகள்

பிழைச் செய்தி வந்தவுடன் அதைப் படிக்காமலேயே மூடிவிடுவது மாணவர்களின் வழக்கம். ஆங்கிலத்தில் பத்து வரிகளைக் கண்டு மிரளுகிறார்கள். பைத்தான் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பதே முதல் பாடம். கடைசி வரியில் என்ன பிழை என்பது இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் என்பது இருக்கும். இந்த இரண்டையும் மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிய பிறகே ஆசிரியரை அழைக்கலாம் என்று விதி வைத்தால், பாதிப் பேர் எழுதும்போதே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

டிகிண்டரில் எல்லா வகுப்பிலும் வரும் சில பிழைகள் உண்டு.

முதலாவது, "நன் டைப்" பிழை. உள்ளீட்டுப் பெட்டியை உருவாக்கும் வரியிலேயே அதைச் சாளரத்தில் வைக்கும் பேக் கட்டளையையும் ஒட்டி எழுதி, மொத்தத்தையும் ஒரு மாறியில் சேமிக்கிறார்கள். பேக் எதையும் திருப்பித் தருவதில்லை. ஆகவே மாறிக்குள் பெட்டி இருக்காது, "நன்" என்ற வெறுமைதான் இருக்கும். பெட்டி திரையில் தெரிவதால் மாணவருக்குச் சந்தேகமே வராது. பின்னர் அதிலிருந்து பெயரை எடுக்க முயலும்போது பிழை வருகிறது. உருவாக்குவதை ஒரு வரியிலும் சாளரத்தில் வைப்பதை அடுத்த வரியிலும் எழுதினால் தீர்ந்தது. பிழை தெரியும் வரி வேறு, பிழை பிறந்த வரி வேறு என்பதைக் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இரண்டாவது, பொத்தான் பிழை. பொத்தானின் "கமாண்ட்" என்ற இடத்தில் செயற்கூற்றின் பெயரை மட்டும் தர வேண்டும். மாணவர்கள் பழக்கதோஷத்தில் அடைப்புக்குறிகளையும் சேர்த்துவிடுகிறார்கள். அடைப்புக்குறி போட்டால் அது "இப்போதே செய்" என்று பொருள்படும். நிரல் தொடங்கும்போதே சேமிக்கும் வேலை ஒருமுறை நடந்துவிடும். அதன்பின் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. வீட்டில் அவசரத்துக்கு அழைக்கத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதிவைப்பது ஒன்று, எழுதும்போதே அந்த எண்ணுக்கு அழைத்துவிடுவது வேறொன்று என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, கோப்பின் பாதை. விண்டோஸில் பாதையைப் பின்சாய்வுக் கோட்டால் எழுதுகிறோம். பைத்தான் சரத்துக்குள் பின்சாய்வுக்குத் தனிப் பொருள் உண்டு. கோப்புறையின் பெயர் ஆங்கிலச் சிறிய "என்" எழுத்தில் தொடங்கினால் பின்சாய்வும் அந்த எழுத்தும் சேர்ந்து புதிய வரியாகிவிடும். சிறிய "டி" எழுத்தானால் தத்தல் இடைவெளியாகிவிடும். "யூசர்ஸ்" கோப்புறையோ இன்னும் வேடிக்கை. பின்சாய்வையும் பெரிய "யூ" எழுத்தையும் கண்ட பைத்தான் அடுத்து எட்டு இலக்க ஒருங்குறி எண் வரும் என்று எதிர்பார்த்து, வராததால் ஒருங்குறிப் பிழை என்று அலறுகிறது. தமிழே தட்டச்சு செய்யாத மாணவர் "எனக்கு ஏன் ஒருங்குறிப் பிழை?" என்று குழம்புவார். முன்சாய்வுக் கோட்டைப் பயன்படுத்துவது, அல்லது சரத்தின் மேற்கோளுக்கு முன் "ஆர்" என்ற எழுத்தைச் சேர்ப்பது, இரண்டில் ஒன்று போதும்.

பாதையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவர்கள் ஆய்வகக் கணினியில் எழுதிய நிரலைப் பென்டிரைவில் எடுத்துச்சென்று மடிக்கணினியில் இயக்குகிறார்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதே நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். அக்காள், அண்ணன் வாங்கிய அப்படிப்பட்ட பழைய மடிக்கணினி சில வீடுகளில் இன்றும் ஓடுகிறது. ஆய்வகத்தில் இருந்த முழுப் பாதை அங்கே இருக்காது. வெறும் கோப்புப் பெயரை மட்டும் தந்தால், நிரலை எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்குகிறோமோ அங்கேதான் பைத்தான் தேடும். அங்கு தரவுத்தளம் இல்லையென்றால் எஸ்கியூலைட் குறை சொல்வதில்லை. அதே பெயரில் வெறுமையான புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிவிடுகிறது. பிறகு "அட்டவணை இல்லை" என்ற செய்தி வருகிறது. "என் தரவெல்லாம் அழிந்துவிட்டது" என்று மாணவர் பதறுவார். அழியவில்லை, வேறு கோப்புறையில் பத்திரமாக இருக்கிறது. நிரல் கோப்பு இருக்கும் கோப்புறையை நிரலே கண்டறிந்து, அங்கிருந்து தரவுத்தளத்தைத் திறக்கும்படி எழுதுவதே நிலையான தீர்வு.

செயலியை "எக்ஸ்இ" கோப்பாக மாற்றித் தரும்போதும் இரண்டு செய்திகளை நினைவூட்டலாம். 64 பிட் கணினியில் உருவாக்கியது 32 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 7-ஐ ஏற்கும் கடைசிப் பைத்தான் பதிப்பு 3.8 ஆகும். பழைய கணினியில் செயலி திறக்கவே மறுத்தால், நிரலைக் குடைவதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

உறைந்து நிற்கும் சாளரம்

பொத்தானை அழுத்தியதும் சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் "பதிலளிக்கவில்லை" என்று காட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதன் காரணத்தை நியாயவிலைக் கடையை வைத்து விளக்கலாம். கடையில் ஒரே ஒரு விற்பனையாளர். அவர் மண்ணெண்ணெய் எடுக்கப் பின்கட்டுக்குப் போய்விட்டால் வரிசையில் நிற்கும் யாருக்கும் பதில் கிடைக்காது. டிகிண்டரின் "மெயின்லூப்" அந்த விற்பனையாளர். பொத்தானின் செயற்கூற்றுக்குள் "ஸ்லீப்" கட்டளையையோ முடிவில்லாத மடக்கையோ வைத்தால் அவர் பின்கட்டிலேயே நின்றுவிடுகிறார். கடிகாரம் போலத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கு "ஆஃப்டர்" கட்டளை இருக்கிறது. "ஒரு விநாடி கழித்து இதைச் செய்" என்று குறித்துவைத்துவிட்டு அவர் வரிசையைக் கவனிக்கலாம். நீண்ட நேரம் பிடிக்கும் வேலையைத் தனி இழையில் ஓடவிடலாம். ஆனால் அந்த இழை சாளரத்தின் பெட்டிகளையோ பொத்தான்களையோ நேரடியாகத் தொடக் கூடாது.

உறைதல் வெறும் எரிச்சல் என்று மாணவர் நினைத்துவிடக் கூடாது. திரை அசையாவிட்டால் மனிதர் என்ன செய்வார்? மீண்டும் அழுத்துவார். பிரிட்டனின் அஞ்சலகக் கிளைகளில் இருந்த ஹொரைசான் என்ற கணக்கு மென்பொருளில் 2015-இல் இதுதான் நடந்தது. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிளை சார்ந்த கணக்கில் 8,000 பவுண்டு பணவரவை உறுதிசெய்யும் திரை நகராமல் நின்றது. என்டர் விசை மீண்டும் அழுத்தப்பட்டது. அழுத்திய ஒவ்வொரு முறையும் அதே தொகை பதிவாகி, 4 முறை வரவு வைக்கப்பட்டு, கணக்கில் 24,000 பவுண்டு வேறுபாடு விழுந்தது.

நம் செயலியில் இதற்கு இரட்டைக் காப்பு வைக்கலாம். பொத்தானை அழுத்தியவுடன் அதைச் செயலிழக்கச் செய்து, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்க வேண்டும். தரவுத்தளத்தில் சேர்க்கை எண்ணை முதன்மைத் திறவுகோலாக அறிவிக்க வேண்டும். அப்போது ஒரே மாணவரை இருமுறை சேமிக்க முயன்றால் எஸ்கியூலைட் மறுத்துவிடும். அந்த மறுப்பு நமக்கு வேண்டிய சத்தம்.

சத்தத்தை அடைக்க வேண்டாம்

பிழைச் செய்தி வந்தால் அவமானம் என்று எண்ணும் மாணவர்கள், "டிரை" பகுதியில் நிரல் முழுவதையும் போட்டு, "எக்செப்ட்" பகுதியில் "பாஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். செய்தி வருவது நின்றுவிடும், பிழை நிற்காது. புகை வருகிறதே என்று எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்த கதைதான் இது.

டிகிண்டரில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பமும் உண்டு. பொத்தானின் செயற்கூற்றில் பிழை ஏற்பட்டால் சாளரம் மூடுவதில்லை. செய்தி பின்னாலுள்ள கருப்புத் திரையில் மட்டும் அச்சாகும். கருப்புத் திரை இல்லாமல் இயங்கும்படி எக்ஸ்இ ஆக்கிவிட்டால் அந்தச் செய்தியும் யார் கண்ணிலும் படாது. பயன்படுத்துபவர் "சேமி" என்று அழுத்துவார், எதுவும் சேமிக்கப்பட்டிருக்காது. இதற்கென்றே டிகிண்டரில் "ரிப்போர்ட் கால்பேக் எக்செப்ஷன்" என்ற செயற்கூறு இருக்கிறது. அதை நாமே மாற்றி எழுதி, பிழை வந்தால் ஒரு செய்திப் பெட்டி காட்டவும், ஒரு கோப்பில் நாள், நேரத்தோடு குறித்துவைக்கவும் செய்யலாம். ஐந்தாறு வரிகளில் முடியும் வேலை.

சத்தம் போடாத பிழைகள்

இங்கிருந்து மாணவர்களிடம் "நிரல் ஓடுகிறதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "விடை சரிதானா? எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

எடைமேடையை எடுத்துக்கொள்வோம். சரக்கோடு லாரியின் எடை 28400 கிலோ, வெறும் லாரி 9850 கிலோ. மாணவர் இரு பெட்டிகளிலிருந்தும் மதிப்பை எடுக்கிறார். பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரமே, எண்ணாக வராது. இந்த இரு சரங்களைக் கழிக்கச் சொன்னால் பைத்தான் உடனே மறுத்துவிடும். கூட்டச் சொன்னால் 284009850 என்று ஒட்டித் தரும். அதையும் கண்டுகொள்ளலாம். ஒப்பிடச் சொன்னால்தான் ஆபத்து. "28400" என்ற சரம் "9850" என்ற சரத்தைவிடச் சிறியது என்று அது அமைதியாகச் சொல்லும். முதல் எழுத்துகளான 2-ஐயும் 9-ஐயும் மட்டுமே அது பார்த்திருக்கிறது. மொத்த எடை வண்டி எடையைவிடக் குறைவாக இருந்தால் ஏற்காதே என்று எழுதிய பாதுகாப்பு விதி, சரியான லாரியைத் தடுத்து, இரு எடைகளையும் மாற்றி உள்ளிட்ட தவறான பதிவை அனுமதித்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த இடத்திலேயே முழு எண்ணாக மாற்றிவிட வேண்டும், மாற்றாமல் ஒரு வரிகூட நகரக் கூடாது என்பதை விதியாக்கலாம்.

அடுத்தது மதிப்பெண். இரு தேர்வுகளில் 34-ம் 35-ம் பெற்ற மாணவரின் சராசரி 34.5. இதைப் பைத்தானின் "ரவுண்ட்" செயற்கூற்றிடம் தந்தால் விடை என்ன என்று வகுப்பில் கேளுங்கள். எல்லோரும் 35 என்பார்கள். வரும் விடை 34. 35.5-ஐத் தந்தால் 36 வரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்வது பைத்தானின் விதி. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரே பக்கம் சாயாமல் இருக்க அது உதவும். மொழியைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. 35 தேர்ச்சி மதிப்பெண்ணாக உள்ள நம் பட்டியலிலோ ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே "தேர்ச்சி இல்லை" என்று அச்சாகும். சராசரியோடு 0.5 கூட்டிப் பின்னப் பகுதியை வெட்டிவிட்டால் நாம் பள்ளியில் கற்ற முறைப்படி 35 கிடைக்கும். முழுமையாக்குவதா, எப்படி முழுமையாக்குவது என்பதைப் பள்ளியின் விதிதான் முடிவு செய்ய வேண்டும். நிரல்மொழி முடிவு செய்யும்படி விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு எண். உதவித்தொகைக்கான பட்டியலைச் செயலி சிஎஸ்வி கோப்பாகச் சரியாகவே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ அதை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்து, ஒரு பெயரைத் திருத்தி, சேமித்துவிடுகிறார்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும். முன்னால் சுழி இருந்தால் அது காணாமற்போகும். எச்சரிக்கை வராமலும் போகலாம். பல மாதம் கழித்து "எனக்கு மட்டும் பணம் வரவில்லை" என்று ஒரு மாணவி வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதற்கு ஒரு நல்ல சோதனைக் கேள்வி உண்டு: இந்த எண்ணை நாம் எப்போதாவது கூட்டுவோமா? மதிப்பெண்ணைக் கூட்டுவோம், அது எண். வங்கிக் கணக்கு எண்ணையோ ஆதார் எண்ணையோ தொலைபேசி எண்ணையோ யாரும் கூட்டுவதில்லை. அவை எண்ணால் எழுதிய பெயர்கள், ஆகவே சரமாகவே இருக்க வேண்டும். எஸ்கியூலைட் அட்டவணையில் அந்தப் புலத்தை "டெக்ஸ்ட்" என்று அறிவிக்க வேண்டும். சிலர் "ஸ்ட்ரிங்" என்று அறிவிக்கிறார்கள். எஸ்கியூலைட் அந்தச் சொல்லை எண் வகையாகக் கருதி முன் சுழிகளை நீக்கிவிடும். எக்செல்லில் திறப்பதாக இருந்தால், தரவை இறக்குமதி செய்யும் வழியில் சென்று அந்த நெடுவரிசையை "டெக்ஸ்ட்" என்று குறிக்க வேண்டும். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் செயலியே சரிபார்க்கலாம். அதில் 11 எழுத்துகள் இருக்கும், ஐந்தாவது எப்போதும் சுழி. அந்த இடத்தில் ஆங்கில "ஓ" எழுத்தைத் தட்டச்சு செய்வது அடிக்கடி நடக்கும் தவறு.

நான்காவது, "கமிட்" மறதி. பதிவைச் சேர்த்தபின் கமிட் செய்யாவிட்டாலும் செயலி திறந்திருக்கும்வரை பதிவு பட்டியலில் தெரியும். மூடித் திறந்தால் இருக்காது. ஆகவே ஒவ்வொரு செயலியையும் மூடி, மீண்டும் திறந்து பார்த்த பிறகே மதிப்பிட வேண்டும்.

தமிழ்ப் பெயர் தவறாமல் இருக்க

நம் செயலியில் தமிழ்ப் பெயர் வரும். பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருப்பதால், இந்தச் சிக்கல்களை நாம்தான் தனியே சொல்லித்தர வேண்டும்.

விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைக் குறிப்பிடாவிட்டால், பைத்தான் அந்தக் கணினியின் பழைய மேற்கத்தியக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, பிழை வரும். குறியாக்கத்தை "யுடிஎஃப்-8" என்று குறிப்பிட்டால் எழுதிவிடும். ஆனால் எக்செல்லில் திறந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த விசித்திரமான எழுத்துகளாகத் தெரியலாம். "யுடிஎஃப்-8-சிக்" என்று குறிப்பிட்டால் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும். அதைக் கண்டு எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும். பழைய அலுவலகக் கோப்புகளில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை இருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் பயனில்லை, முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது நினைவிருக்கலாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாத சிக்கல்கள். "கோபால்" என்ற பெயரின் முதல் எழுத்தை ஒருங்குறியில் இரு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாக வருவது ஒரு வழி, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொரு வழி. திரையில் வேறுபாடே தெரியாது. தேடினால் "இப்பெயர் இல்லை" என்று செயலி சொல்லும். "யூனிகோட்டேட்டா" தொகுதியிலுள்ள "நார்மலைஸ்" செயற்கூற்றால் எல்லாப் பெயர்களையும் "என்எஃப்சி" வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் இது தீரும். "கௌசல்யா" தீராது. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். கணினிக்கு அது "கெள" என்ற இரு எழுத்து. கௌதம், சௌந்தர்யா எல்லோருக்கும் இதே நிலை. பெயர் தேடலில் இந்த இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதும் ஒரு வரியை நாமே சேர்க்க வேண்டும்.

அகரவரிசையும் அப்படித்தான். ஒருங்குறியில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வருகின்றன. ஆகவே பைத்தானின் வரிசையாக்கம் வசந்தி, வனஜா, வள்ளி என்று தரும். நம் நெடுங்கணக்கின்படி வசந்தி, வள்ளி, வனஜா என்பதே சரி. புள்ளி ஒருங்குறியில் கடைசியில் இருப்பதால் அமலா முன்னும் அம்மு பின்னுமாக வரும். அகராதியில் மெய்யெழுத்து முதலில் வரும், எனவே அம்முவே முன்னால். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். குழந்தை சொல்வதுதான் நமக்கு வேண்டிய விடை.

இதைத் தீர்க்கும் நிரலையே ஒரு பயிற்சியாகத் தரலாம். சொல்லின் ஒவ்வொரு குறியீட்டையும் வரிசையாக எடு. அது உயிர்மெய்க் குறியாகவோ புள்ளியாகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்தாகத் தொடங்கு. பிறகு நெடுங்கணக்கு வரிசையில் எழுதிவைத்த ஒரு பட்டியலில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனையாவது என்று பார்த்து, அந்த எண்களால் வரிசைப்படுத்து. சரங்கள், பட்டியல்கள், செயற்கூறுகள் என மூன்று பாடங்கள் இதில் அடங்கிவிடும். தமிழாசிரியரையும் வகுப்புக்கு அழைத்தால் பாடம் களைகட்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. பிழைப் பதிவேடு: ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கட்டும். நாள், பிழைச் செய்தியின் கடைசி வரி, பிழை தெரிந்த வரி, பிழை பிறந்த வரி, தீர்வு என ஐந்து கட்டங்கள் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் இதில் விதி.

2. சோதனை அட்டை: செயலி எழுதுவதற்கு முன்பே பத்து உள்ளீடுகளையும் அவற்றுக்கு வரவேண்டிய விடைகளையும் கையால் எழுதச் சொல்லுங்கள். வெறும் பெட்டி, சராசரி 34.5, சுழியில் தொடங்கும் எண், 16 இலக்க எண், இருவிதமாகத் தட்டச்சு செய்த கௌசல்யா, இருமுறை அழுத்திய பொத்தான் ஆகியவை கட்டாயம் இடம்பெறட்டும்.

3. மாற்றிச் சோதித்தல்: ஒருவர் எழுதிய செயலியை இன்னொருவர் வேறொரு கணினியில் சோதிக்கட்டும். எழுதியவர் அருகில் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. பிழை கண்டுபிடிப்பவருக்கும் மதிப்பெண் உண்டு, அதைத் திருத்துபவருக்கும் உண்டு.

மூன்றாவது செயல்பாட்டில் ஆர்வமாக ஈடுபடும் மாணவர்கள் பெரும்பாலும் வேகமாக நிரல் எழுதுபவர்களாக இருப்பதில்லை. "இதில் தெலுங்குப் பெயர் போட்டால் என்ன ஆகும்?", "அப்பாவுக்கு இனிஷியல் இரண்டு இருந்தால்?" என்று கேட்கும் அமைதியான பிள்ளைகளே அதில் முன்னால் நிற்கிறார்கள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திர எல்லை, தொழிற்பேட்டையில் ஒடியாவும் இந்தியும் பேசும் குடும்பங்கள். நம் வகுப்பின் பெயர்ப்பட்டியலே ஒரு நல்ல சோதனைத் தரவு. அந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் அளிப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஹொரைசான் மென்பொருளின் முடிவையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கணினி காட்டிய கணக்குக் குறைவை நம்பி, பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலகக் கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். "நான் எடுக்கவில்லை" என்று அவர்கள் சொன்னபோது, திரையில் இருந்த எண்ணைத்தான் எல்லோரும் நம்பினார்கள். 2019-இல் நீதிமன்றம் அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

நம் மாணவர் நாளை ஓர் எடைமேடையிலோ கிடங்கிலோ அமரும்போது, எதிரில் நிற்கும் ஓட்டுநர் "எடை சரியில்லையே, அண்ணா" என்று சொல்லக்கூடும். "கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது" என்று பதிலளிப்பவராக அவர் இருக்கக் கூடாது. "இருங்க, பார்க்கிறேன்" என்று சொல்லி, எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.